இரண்டு துடிப்புகளின் இடைவெளி: ஹீலியத்தை 51 நானோமீட்டரில் அளந்த நிகழ்வு

"மேடம், ஒரு டவுட்டு. பல்ஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு அதோட நிறமாலை அகலமாயிடும்னு போன வாரம் சொன்னீங்க. அப்போ ஃபெம்டோ செகண்ட் லேசரை வச்சு ஹீலியத்தை ஒன்பது இலக்கத்துக்கு எப்படி மேடம் அளந்தாங்க?"

சென்னையில் ஒரு கல்லூரியின் செய்முறைக் கூடத்தில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது இது. சோடியம் விளக்கு சூடாகி மஞ்சளாவதற்குக் காத்திருந்த நேரம். பல வருடங்களாக வகுப்பில் நானே ஒரு தவறைச் சொல்லிவந்திருக்கிறேன் என்று அந்த நொடியில் புரிந்தது. "நுண்ணிய அளவீடு வேண்டுமென்றால் தொடர்ந்து எரியும் லேசர் வேண்டும், குறுந்துடிப்பு உதவாது" என்பது என் வழக்கமான வாக்கியம். அது பாதிதான் உண்மை. மறு பாதியைக் கற்றுக்கொள்ள 2010-இல் வெளிவந்த ஓர் அளவீட்டை எடுத்து, நானும் ஐந்து மாணவர்களும் நான்கு வாரம் கரும்பலகையில் பிரித்துப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த ஆய்வு.

எங்கள் கையில் இருந்த நிகழ்வு இதுதான். ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரெய பல்கலைக்கழகத்தில் கந்துலா, கோலே, பிங்கர்ட், உபாக்ஸ், ஐகெமா ஆகியோர் அடங்கிய குழு, ஹீலியம் அணுவின் அடிநிலையிலிருந்து (மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலிருந்து) 5பி என்ற உயர் நிலைக்கு எலக்ட்ரானை ஏற்றும் மாற்றத்தைத் தீவிரப் புற ஊதா ஒளியால் அளந்தது. அதிலிருந்து அவர்கள் பெற்ற அயனியாக்க ஆற்றலை, அதாவது ஓர் எலக்ட்ரானை அணுவிலிருந்து முழுதாகப் பிரிக்கத் தேவையான ஆற்றலை, அதிர்வெண்ணாகச் சொன்னால் 594,52,04,212 மெகாஹெர்ட்ஸ். பிழை வரம்பு வெறும் 6 மெகாஹெர்ட்ஸ். நூறு கோடியில் ஒரு பங்கு. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சாலையை ஒரு மில்லிமீட்டருக்குள் அளந்து சொல்வது போன்றது.

இதை அளந்த கருவி ஒரு ஃபெம்டோ நொடி லேசர். ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு. கேள்வி அங்கேதான் இருக்கிறது. 100 ஃபெம்டோ நொடி நீளமுள்ள ஒரு துடிப்பை எடுத்துக்கொள்வோம். துடிப்பு குட்டையானால் நிறமாலை அகலும் என்ற ஃபூரியே விதிப்படி அதன் நிறமாலை அகலம் நான்கு டெராஹெர்ட்ஸுக்கும் மேல். 6 மெகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் ஏழு லட்சம் மடங்கு அகலம். முழக்கோலால் தலைமுடியின் தடிமனை அளக்கப் போவதுகூட இவ்வளவு மோசமில்லை.

ஏன் ஹீலியம், ஏன் புற ஊதா

ஹீலியத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போயிருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தழல்களில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன. அவற்றில் மஞ்சள் கோடு ஒன்று. சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் விழுகின்றன; இந்தக் கோட்டின் இடம் 587.6. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை. அது சோடியம் இல்லை என்பதை வானியலாளர் லாக்கியர் இங்கிலாந்தில் அதே ஆண்டு அக்டோபரில் எடுத்த அளவீடுகள் காட்டின. பூமியில் வேதியியலாளர் வில்லியம் ராம்சே அதைப் பிரித்தெடுக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவர்களை ஒரு சனிக்கிழமை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கு அழைத்துப்போனேன். புயல் நாட்களில் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கிற வானிலை ஆய்வு மைய வளாகம்தான். அங்கே பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 1792-இல் நிறுத்தியது, தமிழிலும் கல்வெட்டு உண்டு. தொலைநோக்கி அசையாமல் இருக்க அவ்வளவு பெரிய கல் தேவைப்பட்டது. "ஆம்ஸ்டர்டாம் சோதனையில இந்தத் தூண் எது மேடம்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. பிறகு நாங்கள் செய்த வேலையெல்லாம் அந்தத் தூணைத் தேடியதுதான்.

கண்ணுக்குத் தெரியும் அந்த மஞ்சள் கோடு ஹீலியத்தின் இரண்டு கிளர்வுற்ற நிலைகளுக்கு நடுவே நடக்கும் தாவல். அடிநிலையைத் தொட வேண்டுமென்றால் நிலைமை வேறு. ஹீலியத்தின் அடிநிலை மிக ஆழம். அங்கிருந்து எலக்ட்ரானை எழுப்ப 58.4 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் ஒரே ஒளித்துகளால் முடியாது. ஆனால் அடிநிலையில்தான் இரண்டு எலக்ட்ரான்களும் அணுக்கருவை ஒட்டி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. ஒளியும் எலக்ட்ரானும் வினைபுரிவதைச் சொல்லும் கோட்பாடான குவாண்டம் மின்னியக்கவியலின் நுண்திருத்தங்கள் அங்கேதான் பெரிதாக வெளிப்படும். கோட்பாட்டை உரசிப் பார்க்க அதைவிட நல்ல கல் இல்லை.

அந்த அலைநீளத்தில் வேலை செய்வதன் கஷ்டத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று அந்த ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடி, குவார்ட்ஸ் எதுவும் கடத்தாது. லித்தியம் ஃபுளோரைடுகூடச் சுமார் 105 நானோமீட்டரோடு நின்றுவிடும். எல்லாம் வெற்றிடத்துக்குள், சாளரம் இல்லாமல் நடக்க வேண்டும். வாங்கிவந்து மேசைமேல் வைக்க 51 நானோமீட்டர் லேசர் என்று ஒன்றும் கிடையாது.

ஒளியைப் பதினைந்து மடங்காக்குவது

அதனால் அகச்சிவப்பில் தொடங்குகிறார்கள். 773 நானோமீட்டர் துடிப்பை மந்த வாயுத் தாரை ஒன்றில் மிகக் கூர்மையாகக் குவிக்கும்போது அதன் மின்புலம் அணுவுக்குள் இருக்கும் புலத்தோடு போட்டியிடும் அளவுக்கு வலுவாகிறது. எலக்ட்ரான் பிய்த்தெடுக்கப்பட்டு, ஒளியலை திசை மாறும்போது திருப்பி அடிக்கப்பட்டு, தாய் அணுவில் வந்து மோதுகிறது. மோதும்போது தன் ஆற்றலை ஒளியாகக் கொட்டுகிறது. அந்த ஒளியில் மூல அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகள் இருக்கும். இதற்கு உயர் சீரிசை உருவாக்கம் என்று பெயர். 1980-களின் கடைசியில் சிகாகோவிலும் பிரான்சின் சக்லேயிலும் கண்டது. சக்லே குழுவில் இருந்த ஆன் லுயிலியேவுக்கு 2023-இல் நோபல் கிடைத்தது இந்தத் தடத்தில்தான். 773-ஐப் பதினைந்தால் வகுத்தால் 51.5. ஹீலியத்தின் 5பி மாற்றம் அங்கே இருக்கிறது.

வலுவான அகச்சிவப்பும் மெல்லிய புற ஊதாவும் ஒரே பாதையில் வருவதால் பிரிக்கவும் வேண்டும். அவர்கள் செய்த ஏற்பாட்டின் எளிமை எனக்கு இன்றும் வியப்பு. அகச்சிவப்புக் கற்றையின் நடுப்பகுதியை முதலிலேயே ஒரு சிறு தகட்டால் மறைத்து வளையமாக்கிவிடுகிறார்கள். குவியத்தைத் தாண்டியதும் அகச்சிவப்பு மறுபடி வளையமாக விரியும். புற ஊதா நடுவில் நேராகப் போகும். ஒரு துளை வைத்தால் போதும், வளையம் தடுக்கப்பட்டு நடு ஒளி மட்டும் கடந்துவிடும்.

சீரிசை உருவாகத் தேவையான வலு ஒரு குறுந்துடிப்பில்தான் கிடைக்கும். ஆக, குறுந்துடிப்பு விருப்பப்பட்டு எடுத்தது இல்லை, தவிர்க்க முடியாதது. அப்படியானால் அதன் அகலத்தை எப்படிக் கடப்பது?

ஊஞ்சலை இரண்டு முறை தள்ளுவது

வீட்டுக் கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு தட்டிவிட்டு விலகிவிடுங்கள். அது தன் போக்கில் ஆடுகிறது. ஐம்பது ஆட்டம் ஆகியிருக்கும் என்று உங்கள் கடிகாரம் சொல்லும் நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டு அதே திசையில் இன்னொரு தட்டு. உங்கள் கணக்கு சரி என்றால் ஊஞ்சல் உயரப் போகும். அரை ஆட்டம் பிசகியிருந்தால் எதிரே வரும் ஊஞ்சலைத் தடுத்து நிறுத்திவிடுவீர்கள். எவ்வளவு நேரம் கழித்து இரண்டாவது தட்டு என்பதைப் பொறுத்தே ஊஞ்சலின் வீதத்தை எவ்வளவு நுணுக்கமாக அறிகிறீர்கள் என்பது அமைகிறது. தட்டு எவ்வளவு குறுகியது என்பது அதில் வரவே வராது.

நார்மன் ராம்சே 1949-இல் நுண்ணலைகளுக்கு முன்வைத்த வழி இது; 1989-இல் நோபல் பெற்றதும் இதற்காக. ஆம்ஸ்டர்டாம் குழு இதை ஒளித்துடிப்புகளுக்குக் கொண்டுவந்தது. ஒரு புற ஊதாத் துடிப்பு ஹீலியத்தைத் தொட்டு எலக்ட்ரானைப் பாதி ஆட்டத்தில் விடும். சில நானோ நொடி கழித்து இரண்டாவது துடிப்பு. இடைவெளி 10 நானோ நொடி என்றால் அதற்குள் அந்த எலக்ட்ரான் 5 கோடியே 81 லட்சம் முறை ஊசலாடியிருக்கும். இரண்டாவது துடிப்பு ஒத்த கட்டத்தில், அதாவது ஊசலாட்டத்தோடு ஒத்திசைந்து, வந்தால் கிளர்ச்சி கூடும், எதிர்க் கட்டத்தில் வந்தால் அழியும். மூன்றாவதாக ஒரு லேசர் துடிப்பு, மேலேறிய அணுக்களை மட்டும் அயனியாக்கி எண்ணித் தருகிறது. லேசரின் அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தினால் அயனிகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும் பட்டைகளாக வரும். 10 நானோ நொடி இடைவெளிக்கு ஒரு பட்டையின் அகலம் 100 மெகாஹெர்ட்ஸ். டெராஹெர்ட்ஸ் அகலத் துடிப்புக்குள் மெகாஹெர்ட்ஸ் பட்டைகள்.

இதைக் கரும்பலகையில் வரைந்து முடித்தபோது அந்த மாணவி சொன்னாள்: "அப்போ பல்ஸ் அகலமா இருக்கறது பிரச்சினையே இல்ல மேடம். ரெண்டு பல்ஸுக்கும் நடுவுல ஞாபகம் இருக்கணும், அவ்வளவுதான்." நான் பல வருடங்களாக விட்டுவிட்ட மறு பாதி இதுதான்.

அந்த ஞாபகத்தைத் தருவது அதிர்வெண் சீப்பு. ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் இருவருக்கும் 2005-இல் நோபலில் பங்கு கிடைத்ததில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு லேசர் ஒரே சீரான இடைவெளியில் துடிப்புகளை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியும் கட்ட மாற்றமும் அணுக் கடிகாரத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அந்த வரிசையிலிருந்து இரண்டு துடிப்புகளை மட்டும் தேர்ந்து, படிகங்களில் பெருக்கி, வாயுத் தாரையில் செலுத்துகிறார்கள். தூணைக் கேட்ட பையனுக்குப் பதில் கிடைத்தது. அங்கே தூண் என்பது கல் இல்லை, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான கட்டம்.

எந்தப் பட்டை சரியான பட்டை என்ற கேள்வி உடனே வரும். ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒன்று இருக்கிறதே? இதற்கு வெர்னியர் அளவுகோல் தெரிந்தவர்களுக்கு விடை சொல்லத் தேவையில்லை. துடிப்புகளின் இடைவெளியை மாற்றி மறுபடி அளந்தால் பட்டைகளின் அகலமும் மாறும். எல்லா வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் ஒன்றுதான். முதலாண்டு செய்முறையில் ஒன்றும் விளங்காமல் திருகிய வெர்னியர் இப்படி வந்து நிற்கும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கவில்லை.

எங்கே பிசகலாம்

இந்த நிகழ்வின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதல் முடிவைப் படிப்பவர்கள் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

கட்டம் பதினைந்து மடங்காகிறது. அகச்சிவப்பில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே சின்னக் கட்டப் பிசகு ஏற்பட்டால் புற ஊதாவில் அது பதினைந்து மடங்கு. எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று நாங்களே கணக்கிட்டோம். 100 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 6 மெகாஹெர்ட்ஸ் என்பது ஒரு சுற்றில் 6 சதவீதம். பதினைந்தால் வகுத்தால் அகச்சிவப்பில் ஒரு சுற்றின் ஆயிரத்தில் நான்கு பங்கு. 773 நானோமீட்டர் ஒளியின் ஒரு சுற்று 2.58 ஃபெம்டோ நொடி. ஆக, அனுமதி சுமார் 10 அட்டோ நொடி (ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அட்டோ நொடி). நீளமாகச் சொன்னால் 3 நானோமீட்டர். 10 நானோ நொடியில் ஒளி 3 மீட்டர் போகும். மூன்று மீட்டரில் மூன்று நானோமீட்டர்!

எங்கள் கூடத்தில் மைக்கெல்சன் குறுக்கீட்டுமானி ஒன்று இருக்கிறது. ஹீலியம்-நியான் லேசரில் பட்டைகள் தெரியும். வெளியே பஸ் போனால் பட்டை துள்ளும், மின்விசிறியைப் போட்டால் நடுங்கும், மதிய வெயிலில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். 3 நானோமீட்டர் என்பது அந்தப் பட்டையில் இருநூறில் ஒரு பங்கு. மாணவர்கள் நடுங்கும் பட்டையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்கள். எண்ணாகக் கேட்டது அப்போதுதான் கண்ணில் இறங்கியது.

ஆம்ஸ்டர்டாமில் அவர்கள் துடிப்புகளை வலுவாக்கும் பெருக்கியை நம்பவில்லை. பெருக்குவதற்கு முன்னும் பின்னும் இரண்டு துடிப்புகளின் கட்ட வேறுபாட்டைக் குறுக்கீட்டுமானி வைத்து அளந்து திருத்தினார்கள். அதற்குப் பின்னும் ஆபத்து இருந்தது. முதல் துடிப்பு வாயுத் தாரையில் சில அணுக்களை அயனியாக்கிப் பிளாஸ்மாவாக விட்டுப்போகிறது. இரண்டாவது துடிப்பு நடப்பது அந்தக் கலங்கிய வழியில். அதனால் அதன் கட்டம் தனியே பிசகும். வாயுவின் அடர்த்தியையும் துடிப்பின் வலுவையும் மாற்றிப் பார்த்துத்தான் இதற்கு எல்லை கட்ட முடியும்.

டாப்ளர் விளைவு, அதாவது அணு நகர்வதால் ஒளியின் அதிர்வெண் அதற்கு மாறித் தெரிவது, இன்னொரு பூதம். ஹீலியம் இலேசான அணு. தாரையில் நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும். ஒளி அதற்குச் செங்குத்தாக வர வேண்டும். ஆயிரம் மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், செங்குத்திலிருந்து ஆயிரத்தில் ஒரு ரேடியன் விலகினாலே 19 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும், அனுமதித்த பிழையைப் போல மூன்று மடங்கு. இதற்கு அவர்கள் ஹீலியத்தைக் கனமான மந்த வாயுக்களோடு கலந்து விட்டார்கள். கனமான கூட்டாளிகளோடு ஓடும் ஹீலியம் மெதுவாகிவிடும். வேகத்தை மாற்றும்போது விடையும் மாறினால் கோணம் சரியில்லை. மாறாத கோணத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

மாணவர்கள் மறந்தது பின்னியக்கம். துப்பாக்கி பின்னால் உதைப்பதுபோல, ஒளித்துகளை வாங்கும் அணு முன்னால் தள்ளப்படுகிறது. அந்த ஆற்றலும் ஒளியிலிருந்தே போகிறது. ஹீலியத்தின் நிறையையும் அலைநீளத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 19 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பலரும் பொருட்படுத்தாமல் விடும் ஒரு திருத்தம், 51 நானோமீட்டரில் மொத்தப் பிழை வரம்பைவிடப் பெரிதாகிவிடுகிறது.

முடிவின் எடை

இதே பல்கலைக்கழகத்தில் ஐகெமாவும் சகாக்களும் 1997-இல் 58.4 நானோமீட்டரில் ஹீலியத்தை அளந்திருந்தார்கள். அப்போது நானோ நொடித் துடிப்பு. பிழை வரம்பு 45 மெகாஹெர்ட்ஸ். ஃபூரியே விதியை மட்டும் பார்த்தால் நானோ நொடித் துடிப்புதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் பெருக்கும்போது நீண்ட துடிப்பின் அதிர்வெண் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சற்றே வழுக்கும். சீரிசையில் அந்த வழுக்கலும் பெருகும். அந்த வழுக்கலை ஓர் ஒற்றைத் துடிப்புக்குள் அளந்து திருத்துவது கடினம். இரண்டு ஒரே மாதிரித் துடிப்புகளுக்கு நடுவே வேறுபாட்டை மட்டும் பார்க்கும்போது பொதுவான குறைகள் கழிந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கான மடங்கு குட்டையான துடிப்பு ஏழு மடங்கு துல்லியம் கொடுத்ததன் காரணம் இது.

அளவீடு, அன்றைய கோட்பாட்டுக் கணக்கின் பிழை வரம்பைவிடத் துல்லியமாகிவிட்டது. பந்து கணக்குப் போடுகிறவர்களின் பக்கம் போனது. இரண்டு எலக்ட்ரான் அணுவின் குவாண்டம் மின்னியக்கவியலை எழுதுவது ஹைட்ரஜனுக்கு எழுதுவதைவிட எவ்வளவோ சிக்கல் என்பதை நினைத்தால் இது சாதாரணமில்லை.

பின்னால் வந்தவை பல. 2012-இல் அமெரிக்காவில் ஜூன் யே குழு, ஒளி கண்ணாடிகளுக்கு இடையே திரும்பத் திரும்பச் சுற்றி வலுப்பெறும் ஒத்ததிர்வுக் குழிக்குள் சீரிசையை உருவாக்கி, இரண்டு துடிப்பு என்று நிற்காமல் முழுச் சீப்பையே ஆர்கானிலும் நியானிலும் பயன்படுத்திக் காட்டியது. 2024-இல் அதே வழியில் வந்த சீப்பின் ஏழாம் சீரிசை, சுமார் 148 நானோமீட்டரில், தோரியம்-229 அணுக்கருவின் மாற்றத்தையே கிலோஹெர்ட்ஸ் இலக்கம் வரை அளந்தது. ஆம்ஸ்டர்டாம் குழுவோ துடிப்பிணையின் இடைவெளியைப் பல மடங்கு நீட்டி, பல இடைவெளிகளில் எடுத்த பட்டைகளைச் சேர்த்துப் பார்க்கும் ராம்சே-சீப்பு முறைக்குப் போனது. இடைவெளியோடு மாறாத கட்டப் பிசகு எதுவாக இருந்தாலும் அது தானாகவே கழிந்துவிடும். 2019-இல் செனான் அணுவில் 110 நானோமீட்டரில் அதைக் காட்டியபோது, அந்த மாற்றத்தின் துல்லியம் முன்பிருந்ததைவிடப் பத்தாயிரம் மடங்கு உயர்ந்தது. 2010-இல் பயமுறுத்திய பிளாஸ்மாப் பிசகை அதே கருவி நானோ நொடி நானோ நொடியாகப் படம்பிடித்ததும் அப்போதுதான்.

அவர்கள் இலக்கு ஹீலியம் அயனி. ஒரே எலக்ட்ரான், ஆனால் கருவின் மின்னூட்டம் இரண்டு. ஹைட்ரஜனில் சிறிதாக இருக்கும் உயர்வரிசைத் திருத்தங்கள் இங்கே பல மடங்கு பெரிதாகும்.

கடைசி வாரம் அந்த மாணவி வீட்டிலிருந்தே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஹைட்ரஜனின் அடிநிலையிலிருந்து அடுத்த நிலைக்கான 1எஸ்-2எஸ் மாற்றத்துக்கு 243 நானோமீட்டரில் இரண்டு ஒளித்துகள் வேண்டும். மின்னூட்டம் இரண்டானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆக, ஹீலியம் அயனிக்கு 60.8 நானோமீட்டர். சரியாகவே இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் இரண்டு சம ஒளித்துகள்களுக்குப் பதிலாக 32 நானோமீட்டரில் ஒன்றும் 790 நானோமீட்டரில் ஒன்றும் சேர்த்து அந்த மாற்றத்தைக் கிளப்பியிருக்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எதிரெதிரா வர்ற ரெண்டு போட்டானும் ஒரே அலைநீளமா இருந்தா டாப்ளர் கழிஞ்சிடும் மேடம். 32-ம் 790-ம் எதிரெதிரா வந்தா மிச்சம் நிறைய நிக்குமே. அதை என்ன பண்றாங்க?"

சுண்ணாம்புக் கட்டியை அவளிடமே கொடுத்தேன். அயனியின் வேகம் என்ன, மிச்சம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று அவள் எழுதத் தொடங்கினாள்.